உப்பு வாங்கப் போனவள்

நேற்று மாலையிலிருந்து புதுக்கோட்டையில் விடாத மழை. காலையில் குழம்புக்கு உப்புப் போட ஜாடிக்குள் கை விட்டபோது விரல் நனைந்தது. கல்லுப்பு கசிந்து அடியில் நீர் கட்டியிருந்தது. மூடியைத் திறந்ததுமே அந்த வாடை வந்தது. கடலும் சேறும் கலந்த, லேசாகக் கசக்கும் வாடை. பாக்கெட் உப்புக்கு இது வராது. இது நீ கடலோர மீமிசலுக்குப் போய் வாங்கி, மஞ்சள் பையில் கட்டி, அறந்தாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்த உப்பு. ஒவ்வோர் ஆடி மாதமும் கொடுப்பாய். கடைசியாகக் கொடுத்தது போன வருடம். இப்போது ஜாடியின் அடி தெரிகிறது. இன்னும் நாலு கை அள்ளினால் தீர்ந்துவிடும்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிக்கு நான் லீவு சொல்லவில்லை, மழைக்காக அவர்களே விட்டுவிட்டார்கள். உனக்கு எழுத வேண்டியதை எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தபோதும் தள்ளித்தான் போட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எம்.ஏ. தமிழ் சேர்ந்த முதல் மாதமே எனக்கு 'அட்டவணை' என்று பெயர் வைத்தாய். விடுதியில் நமக்கு ஒரே அறை. தொன்மமும் இலக்கியமும் என்று ஒரு தாள் இருந்ததே, அதற்கு நான் குறிப்பெடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது. எந்தப் பழங்கதையைக் கேட்டாலும் கோடு போட்டுக் கட்டம் பிரிப்பேன். பிறப்பு, பகை, சாபம், விமோசனம், முடிவு. கதைக்குள் ஒருத்தி தீயில் இறங்கிக்கொண்டிருப்பாள், நான் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருப்பேன். நீ கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஏய் அட்டவணை, அந்தப் பொம்பளை எரியிறப்ப ஒனக்கு ஒண்ணுமே தோணலையாடி?" என்பாய்.

தோன்றியது. தோன்றியதால்தான் கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் வைத்துவிட்டால் கொஞ்சம் பயம் குறையும். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு பிடித்தவள் நான், பேனாவைத் தூக்கி உன் மேல் எறிந்தேன்.

எனக்கு அப்போது ஒரே கொள்கை. எல்லாப் புராணத்துக்கும் அடியில் ஒரு நிஜச் சம்பவம் கிடக்கிறது, மேலே கிடக்கும் பூவையும் குங்குமத்தையும் விலக்கி அதைத் தோண்டி எடுப்பதுதான் படிப்பு. உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "நடந்துச்சா நடக்கலையாங்கிறது போலீஸ்காரங்க கேள்வி. இந்தக் கதை யாருக்கு இன்னும் வேண்டியிருக்கு, எதுக்கு வேண்டியிருக்கு? அதைக் கேளு" என்பாய். தேர்வில் இரண்டு பேரும் அவரவர் கொள்கையை எழுதினோம். எனக்கு மதிப்பெண் கூட வந்தது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி உன்னை வெறுப்பேற்றினேன்.

கொடும்பாளூருக்கு வகுப்போடு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மூவர் கோயிலில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். நிற்கிற இரண்டையும் பார்த்து, மூன்றாவது எப்படி இருந்திருக்கும் என்று நான் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். புளிசாதப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ அந்த வெற்று அடித்தளத்தின் மேல் ஏறி நின்றாய். "வாடி, இங்க நின்னா கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு" என்றாய். மேலேதான் ஒன்றுமே இல்லையே என்றேன். "அதனாலதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாய். நான் ஏறவில்லை. படத்தை முடிக்க வேண்டியிருந்தது.

எம்.ஃபில். ஆய்வுக்கு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் வழங்கும் தெய்வக்கதைகளை எடுத்துக்கொண்டேன். பதினொரு கதை சேர்ந்திருந்தது. பன்னிரண்டாவதற்கு நீதான் உங்கள் ஊருக்கு அழைத்துப் போனாய். ஆடி மாதம், மூன்றாவது வெள்ளி. அன்று உங்கள் பங்காளி வீட்டு ஆண்கள் யாருக்கும் கண்மாய்ப் பக்கம் வேலை கிடையாது. கரைக்குக் கீழே, புங்க மரத்தடியில் கல் கூட்டிப் பெண்கள் சமைத்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை. எதிலும் உப்புக் கிடையாது. வரிசையாக இலை போட்டார்கள். முதல் இலையில் பரிமாறினார்கள், ஆனால் அதன் முன்னால் யாரும் உட்காரவில்லை.

பிறகு உன் அம்மா கதை சொன்னார். கதை சொல்லும் உரிமை உங்கள் வீட்டுக்கு. அம்மாவுக்குப் பின் அது உனக்கு வர வேண்டியது.

"அஞ்சு அண்ணன்மாருக்கு ஒத்தத் தங்கச்சி. அண்ணன்மாரு உழுதுட்டு வந்து சோத்துக்கு ஒக்காந்தாங்க. வாயில வச்சா உப்பு இல்ல. உப்பில்லாத சோத்த யாரு திம்பான்னு எலையத் தள்ளுனாங்க. கரைக்கு அங்கிட்டு உப்பு வண்டி வந்து நிக்கிதுன்னு பேச்சு. இந்தா நா போயி வாங்கியாரேன்னா. ஓலைக்கொட்டான எடுத்து இடுப்புல வச்சா. கரையேறுனா."

அவ்வளவுதான். அம்மா வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் பேனாவும் கையுமாகக் காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் "அப்பறம்?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். நீ என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றிப்போய் இருந்தது. உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருத்தியும் கரையில் ஏறி, ஒரு கை உப்பை மண்ணில் வைத்தாள். "நீ வாங்கப் போனத நாங்க வாங்கியாந்துட்டோம். வந்து சாப்புடு ஆத்தா." அவளுக்குப் பெயர் கிடையாது. உப்பு வாங்கப் போனவள் என்றுதான் சொல்வார்கள். மிஞ்சிய உப்பை அவரவர் மனதுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். நீ எனக்குக் கொடுத்தாய். அன்று ஆரம்பித்தது இந்த ஜாடி.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது மறுபடி உன்னைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன்மார்தானே அவளைக் கொன்றார்கள்? உப்பு வண்டிக்காரனோடு பேசிச் சிரித்தாள் என்று ஏதாவது இருக்கும். அதனால்தானே ஆண்களைக் கரைப்பக்கம் விடுவதில்லை? கொலையை மூடிவைத்துப் படையல் போடுவது என்ன நியாயம்? நான் கத்தினேன் என்றே நினைக்கிறேன். அந்த வயதில் அநியாயத்தைக் கண்டால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். கண்டுபிடித்தவள் நான் என்ற பெருமையும் அதில் சேர்ந்திருந்தது.

நீ நின்றாய். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாய். கோபம் வந்தால் உன் குரல் தணிந்துபோகும்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? இத்தனை பொம்பளைக வருசா வருசம் உப்பில்லாமத் திங்கிறோம். எதுக்குன்னு தெரியாமலா திங்கிறோம்? வாயத் தொறந்து சொல்லிட்டம்னு வையி, ஆம்பளைக ஒரு பரிகாரம் பண்ணுவாங்க. ஒரு தேங்காய ஒடச்சுட்டு முடிஞ்சுபோச்சும்பாங்க. நாங்க முடிக்காத வரைக்கும் அவுகளால முடிக்க முடியாது. அவளும் செத்தவ இல்ல. வழியில இருக்கா."

அதை அப்படியே நோட்டில் எழுதியிருந்தால் என் ஆய்வேட்டில் உருப்படியான பக்கம் அது ஒன்றாக இருந்திருக்கும். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

ஆய்வேட்டின் கடைசி இயலில் ஓர் அட்டவணை போட்டேன். பன்னிரண்டு கதைகள், ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'முடிவு' என்று தலைப்பு. தெய்வமானாள், கல்லாகச் சமைந்தான், கிணற்றோடு கலந்தாள் என்று பதினொன்றும் நிரம்பிவிட்டன. உங்கள் ஊர்க் கதைக்கு மட்டும் கட்டம் காலி. என் நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முடிவில்லாத கதைய எந்த வகையில சேப்பீங்க? காலிக் கட்டத்தப் பாத்தா வெளித்தேர்வாளர் மொதல்ல அதத்தாம்மா கேப்பாரு" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நிரப்பச் சொன்னாரே தவிர, பொய்யால் நிரப்பச் சொல்லவில்லை.

நான் எழுதினேன்: 'அண்ணன்மாரால் கொல்லப்பட்டுக் கண்மாய்க்கரையில் புதைக்கப்பட்டாள் எனத் தகவலாளர் கூறினார்.'

தகவலாளர் யார்? பின்னிணைப்பில் ஏழாவது பெயர், உன் அம்மா. வயது, ஊர், தொழில் விவசாயம். இது என் ஊகம் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் ஊகத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். தகவலாளர் கூறினார் என்று எழுதிவிட்டால் கேள்வியே கிடையாது. களப்பணி செய்கிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழி தெரியும், இது தப்பு என்பதும் தெரியும். எல்லா இயலையும் படித்துப் பார்க்க உன்னிடம் கொடுத்தேன், கடைசி இயலைத் தவிர. டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

பல வருடம் அது பல்கலைக்கழக அலமாரியில் யார் கண்ணிலும் படாமல் தூங்கியது. பிறகு எனக்குப் பதவி உயர்வு நேரம் வந்தது. நூல் ஒன்று வெளியிட்டிருக்க வேண்டும் என்றார்கள். ஆய்வேட்டில் ஒரு வரி மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தேன். நீ அப்போது அறந்தாங்கிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. உனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாய்.

"அந்தக் கட்டத்த நெரப்பிட்டியாடி?"

கைடு கேட்டார், வேறு வழியில்லாமல், என்று இழுத்தேன். உன் பள்ளிக்கூட மணி அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. "சரி, விடு. பீரியடு இருக்கு" என்று வைத்துவிட்டாய். அந்த வருட ஆடியிலும் உப்பு வந்தது. நீ மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஊரில் என்ன நடந்தது என்பது எனக்கு ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவும் நீ வாய் தவறிச் சொன்னதால். சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் கவனிக்காமல் விட்டு, உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் இரண்டு முறை புதுக்கோட்டையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நாள்கள் அவை. சனிக்கிழமைகளில் நான் உன்கூட வருவேன். மெஷின் ஓடும் நாலு மணி நேரமும் உன் மாணவர்கள் கட்டுரை நோட்டில் எழுதியிருக்கும் அபத்தங்களைச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாய். டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். உப்பை அறவே நிறுத்தியிருந்தார். டப்பாவில் நான் கொண்டுவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குத் தெனமும் படையல்தான்டி" என்றாய். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன ஆடியில், தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாத உப்பை, அந்த உடம்போடு மீமிசல் போய் வாங்கிவந்து எனக்குக் கொடுத்தாய். படையலுக்கு நல்ல கூட்டமா என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் எலை போடுறதில்லையே" என்றாய். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாய்.

விடாமல் நச்சரித்து உன் வாயிலிருந்து பிடுங்கினேன். என் புத்தகம் எப்படியோ ஊருக்கு வந்திருக்கிறது. உன் சித்தப்பா அதைக் கோயில் கூட்டத்தில் உரக்கப் படித்திருக்கிறார். கதையை முடித்துச் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார்கள். பின்னிணைப்பில் உன் அம்மா பெயர் இருக்கிறது. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. அப்படியென்றால் அந்த டீச்சர் பொய்யா எழுதினாள், காலேஜுக்குப் பெட்டிஷன் போடுவோம் என்று சித்தப்பா எழுந்திருக்கிறார். என் பதவி உயர்வுக் காகிதம் அப்போது மேசையில் இருந்தது உனக்குத் தெரியும். நீ எழுந்து, "அம்மா சொல்லல. நாந்தான் முடிச்சுச் சொன்னேன்" என்றிருக்கிறாய்.

அன்றோடு உனக்கு இலை நின்றது. அம்மாவின் வாயிலும் கதை நின்றது. ஆண்கள் நீ சொன்னபடியே ஒரு பரிகாரம் செய்து, தேங்காய் உடைத்து, இனி கதை எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் மட்டும் விடாமல் ஆடி வெள்ளியில் கூடி, கதை இல்லாமல், உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். உனக்கு நோய் வந்தபோது, கதையை முடித்த பாவம் என்று அவர்களில் சிலர் பேசினார்களாம். அதையும் நீயே ஒரு வேடிக்கை போலச் சொன்னாய். ஒன்பது வருடமும் உனக்கு இலை போடாத படையலின் உப்பென்று தெரியாமல் நான் சாம்பார் வைத்திருக்கிறேன்.

"இந்த வெள்ளிக்கெழமையே ஊருக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்றேன்.

"நீ தனியாப் போனா அழுவ, பேசமாட்ட. எனக்கு ஒடம்பு கொஞ்சம் தேறட்டும். அடுத்த ஆடிக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம்."

நான் சரி என்றேன். உடனே சரி என்றேன். ஒரு வருடம் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது, இதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ தேறமாட்டாய் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். தெரிந்துதான் சரி என்றேன்.

மாசியில் நீ போய்விட்டாய். உங்கள் வீட்டு முற்றத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது கூட்டத்தில் ஒருத்தி, "கதைய முடிச்சவ, பாவம்" என்றாள். என் காதுபடச் சொன்னாள். நான் அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னது சரிதான். எனக்கு அழத்தான் தெரிந்தது.

இந்த ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் போனேன். முதல் நாளே மீமிசல் போய் உப்பு வாங்கினேன். எந்தக் கடையில் வாங்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. கண்ணில் பட்ட கடையில் வாங்கி மஞ்சள் பையில் கட்டிக்கொண்டேன். உங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் அப்படியே அடுத்த பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது. இந்த வயதில், இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பிறகு.

புங்க மரத்தடியில் முன்பு பார்த்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வாம்மா. தனியாவா வந்த?"

"ஆமாம்மா. அவளோட வாரேன்னு சொல்லியிருந்தேன்."

அதற்கு மேல் நின்றால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். புத்தகத்தில் கதையின் முடிவை எழுதியது நான். அம்மா அதைச் சொல்லவில்லை. உங்கள் பெண்ணும் சொல்லவில்லை. யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது, நானாக நிரப்பினேன். என் வேலையைக் காப்பாற்ற அவள் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் சொல்லிமுடித்தேன்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் கிண்டவில்லை. முற்றத்தில் அன்று பேசியவளும் அங்கே இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் அம்மாதான் முதலில் பேசினார். "எனக்குத் தெரியும்மா. எம் மக வாயில அது வராதுன்னு எனக்குத் தெரியாதா? அவ கேட்டுக்கிட்டா. ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதும்மா, சும்மா இருன்னா. இருந்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "அவ இருக்கையிலே வந்திருக்கலாம்ல?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சோற்றுப் பானைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெரியம்மா ஒருவர் விரல்விட்டு எண்ணுவதுபோல் யோசித்துக்கொண்டே, "அப்ப நம்ம வீட்டு ஆளுக யாரும் முடிக்கல. எழுதுனது இந்தப் புள்ள. அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நம்ம கதை முடியலையே" என்றார். எல்லாரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள்.

இலைகள் போட்டார்கள். முதல் இலை உப்பு வாங்கப் போனவளுக்கு. அம்மா இன்னோர் இலையை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, முதல் இலைக்குப் பக்கத்திலேயே போட்டார். அதிலும் பரிமாறினார். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. என்னை அதற்கு அடுத்தாற்போல் உட்காரச் சொன்னார்.

பத்து வருடத்துக்குப் பிறகு அம்மா கதை சொன்னார். குரல் தேய்ந்திருந்தது, ஒரு வார்த்தை மாறவில்லை. அஞ்சு அண்ணன்மார், ஒத்தத் தங்கச்சி, தள்ளிய இலை, உப்பு வண்டி. "ஓலைக்கொட்டான எடுத்து இடுப்புல வச்சா. கரையேறுனா" என்று சொல்லி நிறுத்தினார். சாப்பிடக் கை வைக்கப் போனோம். அம்மா கண்மாய்க்கரையைப் பார்த்துக்கொண்டே, அதே குரலில், கதையில் எப்போதும் இருந்த வரியைப்போலச் சொன்னார்:

"தொணைக்கு இன்னொருத்தியும் ஏறுனா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருடம் இதைப் படித்து, இதில் பட்டம் வாங்கி, இதைப் பாடமாக நடத்தி, அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பழங்கதைக்குள் ஒருத்தி எப்படிப் போய்ச் சேருகிறாள் என்று என் கண் முன்னால் பார்த்தேன். பெற்ற மகளை வைக்க அந்த அம்மாவுக்கு வேறு இடம் இல்லை. நூறு வருடம் கழித்து யாராவது ஒரு ஆய்வு மாணவி நோட்டோடு வந்து, துணைக்குப் போனவள் யார், நிஜமாகவே இருந்தாளா என்று கேட்பாள். இருந்தாள். முறுக்கு கடிப்பாள். கிள்ளினால் நாலு நாள் வலிக்கும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பில்லாததால் இல்லை.

ஊரிலிருந்து வந்ததும் முதல்வருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். உன் சித்தப்பாவுக்கு ஒரு நகல் அனுப்பினேன். விளக்கம் கேட்டிருக்கிறார்கள், என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ காப்பாற்றிக் கொடுத்ததை நானே போய் ஒப்படைத்துவிட்டேன் என்று திட்டாதே. புத்தகத்தில் என் கைக்குக் கிடைத்த பிரதிகளில் எல்லாம் அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். கல்லூரி நூலகத்துப் பிரதியில் ஒட்டும்போது நூலகர், "எழுத்துப்பிழையா மேடம்?" என்று கேட்டார். இல்லை, பொய் என்றேன்.

போன வாரம் தொன்மத் தாளில் உங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். கரையேறினாள் என்ற இடத்தில் நிறுத்தினேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள், எதையும் கோடு போட்டுத்தான் எழுதுவாள். பேனாவைப் பிடித்தபடி "அப்பறம் மேடம்?" என்றாள். கிள்ளத் தோன்றியது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மழை இன்னும் விடவில்லை. ஆடியில் நான் வாங்கிய உப்பில், கரையில் வைத்ததுபோக மிஞ்சியது மஞ்சள் பையிலேயே இருக்கிறது. ஜாடியில் அதைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. உன் உப்பு தீரட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். தீரக் கூடாது என்று சோற்றில் குறைத்துக் குறைத்துப் போடுகிறேன். வீட்டில் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

உன்னைத் தெரிந்தவர்கள் கடைவீதியிலும் பஸ்ஸிலும் என்னைப் பார்த்தால், எப்படி ஆச்சு, கடைசியில் பேச்சு இருந்ததா, என்ன சொன்னாள் என்று கேட்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மணி எத்தனை என்பதுகூடத் தெரியும். அதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

கொட்டானை எடுத்து இடுப்பில் வைத்தாய். கரையேறினாய்.